இயந்திர நுண்மதியும் இடைத்தாக்கமும்

உயிரியல் பயிலும் மாணவர் எவரிடமேனும் கூர்ப்பு எவ்வாறு நிகழ்கின்றது என வினவின், மாறல், தலைமுறையுரிமை, இயற்கைத் தேர்வு என்னும் மூன்று சொற்களையும் அவர் தயக்கமின்றி ஒப்புவிப்பர். பரீட்சைக்கு அது போதுமானதே. ஆயினும், தேர்வு செய்கின்ற அவ்வியற்கை என்பது யாது என மீண்டும் வினவின், வெப்பம், மழை, நிலம், நீர் என்பவற்றையே பெரும்பாலோர் கூறுவர். சாள்ஸ் டார்வின் 1859 இல் வெளியிட்ட தமது நூலில் இவற்றினும் மேலான ஒன்றை வலியுறுத்தியுள்ளார். ஓர் உயிருக்கு மற்றோர் உயிரோடு உள்ள தொடர்பே எல்லாத் தொடர்புகளினும் தலையாயது என்பது அவர் கருத்து. மானின் கால்களை விரைவுபடுத்தியது காடன்று, சிறுத்தையே. சிறுத்தையின் பதுங்கலை நுட்பமாக்கியது மானின் செவி. மழை எத்துணைக் கொடியதாயினும் மானைக் கண்டு தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை. சிறுத்தையின் இனமோ தலைமுறை தோறும் மாற்றிக்கொள்கின்றது. இங்ஙனம் ஒன்றன் மாற்றம் மற்றொன்றன் மாற்றத்துக்கு ஏதுவாகும் தொடர்பையே இடைத்தாக்கம் என்கின்றோம்.

இக்கொள்கையைக் கணினியினுட் புகுத்தி, மனிதர் நேரே விடை காணமாட்டாத சிக்கல்களுக்கு விடைகளை வளர்த்தெடுக்கும் துறைக்குக் கூர்ப்புமுறைக் கணிப்பு என்பது பெயர். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோன் ஹொலன்ட் 1975 இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு உறுதியானதோர் அடிப்படையை இட்டது. செய்முறை எளிது. ஒரு சிக்கலுக்குரிய விடைகள் சிலவற்றைக் குருட்டாம்போக்காக எழுதி, அவற்றை ஒரு குடித்தொகையாகக் கொள்வர். ஒவ்வொரு விடையின் தகுதியையும் அளந்து, மேலானவற்றைப் பெற்றோராக்கி, அவற்றின் பகுதிகளை ஒன்றோடொன்று கலந்து, இடையிடையே சிறு விகாரங்களையும் புகுத்தி, அடுத்த தலைமுறையைப் பிறப்பிப்பர். இவ்வாறு நூற்றுக்கணக்கான தலைமுறைகள் செல்லவிடின், எவரும் திட்டமிடாத நல்ல விடைகள் தோன்றுகின்றன.

விகாரம் எவ்வளவு வேண்டும், கலப்பு எவ்வாறு நிகழவேண்டும் என்பன பற்றி இத்துறை நூல்கள் பல பக்கங்களை நிரப்புகின்றன. எமது கருத்தில் தலையான வினா அதுவன்று. தகுதியை அளப்பது யாது என்பதே தலையான வினா. அளப்பது அசையாது நிற்கும் அளவுகோலா, அன்றித் தானும் மாறிவரும் எதிராடியா? இவ்வினாவைக் கையிற் பிடித்துக்கொண்டு நோக்கின், இயந்திர நுண்மதியின் எழுபதாண்டு வரலாற்றில் நிகழ்ந்த வெற்றிகள் பலவும் வீழ்ச்சிகள் சிலவும் ஓரிழையிற் கோத்தவையாகத் தோன்றும்.

இவ்வரலாற்றை அலன் ரியூரிங் என்னும் ஆங்கிலேய கணித மேதையிடமிருந்து தொடங்குதல் பொருந்தும். மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றிய காலத்தில், 1950 இல், "மைன்ட்" என்னும் தத்துவ இதழில் வெளியான அவரது கட்டுரையை, பொறியும் மனிதரும் மறைந்திருந்து விடை பகரும் சோதனைக்காகவே பலரும் நினைவுகூர்வர். அக்கட்டுரையின் இறுதிப் பகுதி அத்துணை பேசப்படுவதில்லை. வளர்ந்த மனிதரின் மனத்தை ஒத்த பொறியை ஆக்குவதிலும், குழந்தையின் மனத்தை ஒத்த பொறியை ஆக்கி அதற்குக் கல்வி புகட்டுதல் எளிது என்று அவர் அங்கே கூறுகின்றார். அக்குழந்தைப் பொறியின் அமைப்பைப் பரம்பரைப் பொருளுக்கும், அவ்வமைப்பிற் செய்யும் மாற்றங்களை விகாரத்துக்கும், பரிசோதகரின் தீர்ப்பை இயற்கைத் தேர்வுக்கும் அவர் ஒப்பிட்டார். இங்கே கவனிக்கத்தக்கது மூன்றாவது ஒப்புமையாகும். இயற்கை குறையைக் கண்டு காரணம் தேடுவதில்லை; ஆசிரியர் தேடுவார். ஆதலின் இம்முறை இயற்கையினும் விரைவாகச் செல்லும் என ரியூரிங் எதிர்பார்த்தார். பொறியும் ஆசிரியரும் எதிரெதிரே அமர்ந்து ஒருவர்க்கொருவர் விடையிறுக்கும் காட்சியிலேதான் இயந்திரக் கல்வி என்னும் எண்ணம் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மூன்று ஆண்டுகள் கழிந்தபின், நோர்வே, இத்தாலி ஆகிய இரு நாட்டு உறவும் உடையரான நில்ஸ் பாரிசெல்லி என்பவர் ஐக்கிய அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்ரன் உயர்கல்வி நிலையத்துக்குச் சென்று, அங்கிருந்த கணினியிலே கூர்ப்பை நிகழ்த்திப் பார்க்க முயன்றார். அப்பொறியின் நினைவகம் முழுவதும் 40,960 இரும இலக்கங்களையே கொண்டது. இன்று ஒரு சிறுவனின் கைத்தொலைபேசியில் உள்ள ஒரு நிழற்படம் அதனிற் பன்மடங்கு இடத்தைக் கொள்ளும். அச்சிற்றிடத்தில் பாரிசெல்லி எண்களைக் குடியேற்றினார். ஒவ்வோர் எண்ணும் தன் மதிப்பின் அளவு தூரத்தில் தன்னைப் படியெடுக்கும். ஈரெண்கள் ஓரிடத்தில் மோதின் என்னாவது என்பதற்கும் விதிகள் இருந்தன. விரைவிலே, ஒன்றன் பெருக்கத்துக்கு மற்றொன்று துணைபுரியும் எண் கூட்டங்கள் தோன்றின. பிறிதொரு கூட்டம் அருகில் இருந்தாலன்றித் தாமே பெருகமாட்டாத எண் ஒட்டுண்ணிகளும் தோன்றின. ஆயினும் இன்னொன்றையும் அவர் கண்டார். எங்கும் ஒரே விதி நிலவும் உலகில் ஏதோ ஓர் எளிய வகை எல்லாவிடத்தையும் பிடித்துக்கொள்ளும். அதன்பின் எதுவும் நிகழாது. உலகைப் பகுதிகளாக்கி, பகுதிக்கொரு விதி அமைத்து, அவற்றின் குடிகளை இடையிடையே இடமாற்றிய பின்னரே கூர்ப்புத் தொடர்ந்தது. விகாரமும் தேர்வும் மாத்திரம் போதா, கூட்டும் மோதலும் வேண்டும் என்பது அவர் துணிபு. அக்காலத்து உயிரியலாளர் அவரைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், ஐ. பி. எம். நிறுவனத்துப் பொறியியலாளரான ஆதர் சாமுவேல் செக்கர்ஸ் என்னும் பலகையாட்டத்தைக் கணினிக்குக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவர் 1959 இல் வெளியிட்ட கட்டுரை இன்றும் வாசிக்கத்தக்கது. ஒரே செய்நிரலின் இரு பிரதிகளை அவர் எதிரெதிரே ஆடவிட்டார். அல்பா எனப் பெயரிய பிரதி ஒவ்வொரு நகர்த்தலின் பின்னும் தன் கணிப்பு முறையைத் திருத்திக்கொள்ளும். பீற்றா என்னும் பிரதி ஓர் ஆட்டம் முடியும்வரை மாறாது நிற்கும். அல்பா வெல்லின், அதன் அறிவு பீற்றாவுக்கு வழங்கப்படும். ஆகவே அடுத்த ஆட்டத்தில் அல்பாவை எதிர்ப்பது நேற்றைய அல்பாவே. அல்பா தோற்பின் அதற்கொரு கரும்புள்ளி இடப்படும். பொதுவாக மூன்று கரும்புள்ளிகள் சேர்ந்தால், அது வழிதவறிவிட்டது எனக் கொண்டு, அது பெரிதும் நம்பியிருந்த கணிப்பு உறுப்பின் மதிப்பைப் பூச்சியமாக்கிவிடுவார் சாமுவேல். நம் பள்ளிக்கூடங்களிலும் இத்தகைய ஆசிரியர் சிலர் இருந்ததுண்டு. எட்டு அல்லது பத்து மணித்தியால ஆட்டத்தின் பின், செய்நிரலை எழுதியவரிலும் நன்றாக ஆடும் ஆற்றலைப் பொறி பெறலாம் என்பதைச் சாமுவேல் காட்டினார். எழுதியவர் அறியாததைப் பொறி எங்கிருந்து கற்றது? தன்னோடு சமமான ஒன்றோடு மோதியதனாலே கற்றது.

இனி, மாறாத அளவுகோலால் தகுதியை அளப்பதன் குறை யாது என நோக்குவோம். கடந்த பத்தாண்டு வினாத்தாள்களை மாத்திரம் திரும்பத் திரும்பச் செய்து பரீட்சைக்குச் செல்லும் மாணவரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் பாடத்தைக் கற்றவரல்லர்; வினாத்தாளைக் கற்றவர். கணினியினுள் வளரும் விடைகளும் இத்தகையனவே. அவற்றுக்கு நேர்மையும் இல்லை, நேர்மைக்கேடும் இல்லை. எதற்குப் புள்ளி வழங்கப்படுகின்றதோ அதனைப் பெறும் குறுக்குவழியைக் கண்டுபிடிக்கும் அளவும் அவை ஓயா.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசியலறிஞர் ரொபேட் அக்செல்றொட், "கைதிகளின் இக்கட்டு" என்னும் ஆட்டத்துக்குக் கணினிப் போட்டிகள் இரண்டை நடத்தி, முடிவுகளை 1980 இல் வெளியிட்டார். அவ்வாட்டத்தில் இருவரும் ஒவ்வொரு முறையும் ஒத்துழைக்கலாம், அல்லது காட்டிக்கொடுக்கலாம். ஒருவர் மட்டும் காட்டிக்கொடுப்பின் அவருக்கே பெரும் ஆதாயம். இருவரும் காட்டிக்கொடுப்பின் இருவர்க்கும் நட்டம். ரொறன்றோவிலிருந்து அனற்றோல் ரபப்போட் அனுப்பிய மிகச் சிறிய செய்நிரலே இரு போட்டிகளிலும் முதலிடம் பெற்றது. முதலில் ஒத்துழைத்து, அதன்பின் எதிராடி செய்ததையே திருப்பிச் செய்வது அதன் முழுத் தந்திரமும் ஆகும். பின்னர், 1987 இல் வெளியான ஆய்வில், இவ்வாட்டத்துக்குரிய உத்திகளைக் கூர்ப்பு முறையால் அக்செல்றொட் வளர்த்தார். முதலிலே மாறாத எட்டு எதிராடிகள் நிறுத்தப்பட்டனர். நாற்பது முறை நடத்திய அப்பரிசோதனையிற் பதினொன்றில், ரபப்போட்டின் உத்தியையும் மிஞ்சிய உத்திகள் தோன்றின. வியப்பாகவே இருக்கும். ஆயின் அவை செய்தது யாதெனின், அவ்வெண்மருள் ஏமாற்றத்தக்க ஒருவரைக் கண்டுபிடித்து, மற்றவரிடம் சிறிது இழந்தும் அவரிடம் பெரிதும் பறித்தமையே. எண்மரை நீக்கி, உத்திகளைத் தம்முள்ளே ஆடவிட்ட பரிசோதனைகளிற் கதை வேறாயிற்று. முதலில் எங்கும் காட்டிக்கொடுப்பே ஓங்கியது. பின்னர் ஒத்துழைப்பார்க்கு ஒத்துழைத்து, வஞ்சிப்பாரை வஞ்சிக்கும் உத்திகள் மெல்ல மேலெழுந்து குடித்தொகையைத் தம்வசப்படுத்தின.

இணைந்து மாறும் எதிராடியின் பயனைத் தெளிவாகக் காட்டிய பரிசோதனை 1990 இல் வெளியாயிற்று. அதனைச் செய்தவர் டானியல் ஹிலிஸ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். அதனை விளங்கிக்கொள்வதற்கு மாணவர் ஒரு சிறு பாடத்தைக் கற்றல் வேண்டும்.

நான்கு மாணவர் ஒரு வரிசையில் நிற்கின்றனர் எனக் கொள்வோம். அவர்களைக் குள்ளர் முதல் நெட்டையர் ஈறாக நிறுத்தவேண்டும். ஆசிரியருக்குக் கண் தெரியாது. அவர் முன்னரே எழுதிவைத்த கட்டளைகளை மாத்திரம் வாசிக்கலாம். ஒவ்வொரு கட்டளையும் இரண்டு இடங்களைக் குறிக்கும். அவ்விடங்களில் நிற்போர் தம் உயரத்தை ஒப்பிட்டு, முறை பிழைத்திருப்பின் இடம் மாறிக்கொள்வர். எத்தனை கட்டளைகள் போதும்? ஐந்து போதும்: முதலாம் இடமும் இரண்டாம் இடமும், மூன்றாம் இடமும் நான்காம் இடமும், முதலாவதும் மூன்றாவதும், இரண்டாவதும் நான்காவதும், இறுதியில் இரண்டாவதும் மூன்றாவதும். உயரங்களை 7, 3, 9, 1 எனக் கொண்டு தாளிலே செய்து பாருங்கள். முதற் கட்டளையின் பின் 3, 7, 9, 1 எனவும், அடுத்ததன் பின் 3, 7, 1, 9 எனவும், மூன்றாவதன் பின் 1, 7, 3, 9 எனவும் வரும், நான்காவதில் மாற்றமில்லை, ஐந்தாவதில் 1, 3, 7, 9 என ஒழுங்குறும். எந்த ஒழுங்கில் அவர்கள் முதலில் நின்றாலும் இவ்வைந்தும் பிழையா. இத்தகைய கட்டளைத் தொடரை வரிசைப்படுத்தும் வலை என்பர்.

நால்வருக்கு எளிதாகிய இது பதினறுவர்க்கு மிகக் கடினமாகின்றது. பதினாறு இடங்களுக்குரிய வலைக்கு 1962 இல் 65 ஒப்பீடுகள் தேவைப்பட்டன. 1964 இல் அது 63 ஆயிற்று. 1969 இல் ஒருவர் 62 எனக் கண்டார். அவ்வாண்டிலேயே மில்ற்றன் கிறீன் என்பவர் 60 ஒப்பீடுகளிற் செய்துகாட்டினார். அந்த அறுபதை இன்றுவரை எவரும் குறைக்கவில்லை. ஒரு வலை பிழையற்றதா எனச் சோதிக்க, பூச்சியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட பதினாறு இலக்க வரிசைகள் அனைத்தையும் கொடுத்துப் பார்த்தாற் போதும் என்பது நிறுவப்பட்ட ஒரு தேற்றம். அவ்வரிசைகளின் தொகை 65,536.

ஹிலிஸ் தாம் ஆக்கிய பேரிணைக் கணினியில், 65,536 செயலிகளைக் கொண்டு, வலைகளின் குடித்தொகை ஒன்றை வளர்த்தார். கிறீனின் வலையிலுள்ள முதல் 32 ஒப்பீடுகளைத் தொடக்கமாக எல்லா வலைகளுக்கும் கொடுத்துவிட்டார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். எஞ்சியதைக் கூர்ப்பே காணவேண்டும். முதலில் எழுமாற்றாக எடுத்த சோதனைகளைக் கொண்டு தகுதியை அளந்தார். வலைகள் முன்னேறின, பின் ஓரிடத்தில் நின்றுவிட்டன. கிடைத்த மிகச் சிறந்த வலை 65 ஒப்பீடுகளைக் கொண்டது. நின்றமைக்குக் காரணங்கள் இரண்டு. ஓரளவு தேறிய வலைகள் பெரும்பாலான சோதனைகளில் வென்றுவிடும். ஆகவே அச்சோதனைகள் நல்லதையும் மிக நல்லதையும் வேறுபடுத்திக் காட்டமாட்டா. இது ஒன்று. மற்றது, மலையேறுவோர் பனிமூட்டத்தில் ஒரு சிறு குன்றின் உச்சியை அடைந்து, எத்திசையிற் காலெடுத்து வைத்தாலும் இறக்கமாகவே இருத்தலால், இதுவே சிகரம் என எண்ணி அமர்ந்துவிடுவது போன்ற நிலையாகும்.

அதன்பின் ஹிலிஸ் சோதனைகளையும் உயிர்பெறச் செய்தார். ஒவ்வோர் ஒட்டுண்ணியும் சில சோதனை வரிசைகளின் தொகுதியாகும். வலைகள் விருந்து வழங்கிகள் ஆயின. தன் இடத்திலுள்ள வலையைப் பிழைவிடச் செய்யும் ஒட்டுண்ணியே பெருகும். தன் இடத்திலுள்ள ஒட்டுண்ணிக்கு ஈடுகொடுக்கும் வலையே பெருகும். இப்போது நிலைமை முற்றாக மாறியது. எல்லா வலைகளும் எளிதில் வெல்லும் சோதனைகள் தாமாகவே அழிந்தன. வலைகள் எங்கே நலிவுற்றிருந்தனவோ அங்கேயே ஒட்டுண்ணிகள் குவிந்தன. குன்றின் உச்சியில் அமர்ந்திருந்த வலைகளின் நலிவை ஒட்டுண்ணிகள் அறிந்துகொண்டமையால், அக்குன்றே அவற்றின் காலடியில் அமிழத் தொடங்கிற்று. அவை இறங்கி வேறு மலை தேட நேர்ந்தது. விளைவு 61 ஒப்பீடுகள் கொண்ட வலை. கிறீனின் அறுபதை அது எட்டவில்லை. எனினும் அறுபத்தைந்துக்கும் அறுபத்தொன்றுக்கும் உள்ள இடைவெளி, மனித அறிஞர் ஏழாண்டுகளில் தாண்டிய தூரத்தின் பெரும்பகுதியாகும். ஒட்டுண்ணிக்கு நாம் வழங்கும் இழிசொற்களைச் சற்றே மீளாய்வு செய்யத் தோன்றுகின்றது.

இத்துணை நன்மை பயப்பதாயின், ஏன் எல்லாச் சிக்கல்களுக்கும் இருவரை மோதவிட்டு வாளாவிருத்தலாகாது? இணைக்கூர்ப்புக்கும் நோய்கள் உண்டு என்பதே விடை. எதிராடி மிக வலியராயின், ஆடுவோர் எல்லோரும் ஒருமிக்கத் தோற்பர். தோற்றவருள் யார் மேலானவர் என்பது தெரியாமையால் தேர்வு நின்றுவிடும். கல், கடதாசி, கத்தரிக்கோல் என்று சிறுவர் ஆடும் விளையாட்டிற் போல, அ என்பது ஆவை வெல்ல, ஆ என்பது இயை வெல்ல, இ என்பது மீண்டும் அவை வெல்லும் சுழற்சி தோன்றுதலும் உண்டு. அப்போது ஒவ்வொரு தலைமுறையும் முன்னையதை வென்றதாகப் பெருமை கொள்ளும். உண்மையில் எல்லோரும் வட்டத்திலே ஓடிக்கொண்டிருப்பர். மூன்றாவது நோய் இன்னும் நுட்பமானது. இரு தரப்பும் தம்முள்ளே ஒருவகை உடன்பாட்டுக்கு வந்து, கடினமான பகுதிகளை ஒருவர்க்கொருவர் காட்டாது விடுதலே அது. எவரும் பேசிச் செய்த உடன்பாடன்று. தேர்வு முறையே அதனை விளைவிக்கும்.

இரு தாயக்கட்டைகளை உருட்டி ஆடும் பாக்காமன் என்னும் ஆட்டம் இந்நோய்களுக்குப் பெரிதும் தப்பியது. ஐ. பி. எம். நிறுவனத்து ஜெரால்ட் ரெசாரோ 1992 ஆம் ஆண்டளவில் ஆக்கிய நரம்பு வலை, தன்னோடு தானே ஆடி, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்க்கு அருகே வந்தது. அவர் கையாண்ட கற்றல் முறையின் திறமே இதற்குக் காரணம் எனப் பலரும் கருதினர். ஜோர்டன் பொலாக், அலன் பிளேயர் என்னும் இருவர் 1998 இல் வெளியிட்ட ஆய்வில் அதனை ஐயுற்றனர். மிக எளிய முறை ஒன்றை அவர்கள் எடுத்தனர். ஒரு வாகையாளர், அவரது பிரதியிலே சிறு விகாரம் செய்து பெற்ற ஓர் அறைகூவலாளர், இருவரும் சில ஆட்டங்கள் ஆடுவர், அறைகூவலாளர் வெல்லின், வாகையாளரின் எண்கள் அவரது எண்களை நோக்கி நூற்றுக்கு ஐந்து பங்கு மாத்திரம் நகர்த்தப்படும். வேறொன்றும் இல்லை. இலட்சம் தலைமுறையின் பின், அக்காலத்தில் அளவுகோலாகக் கொள்ளப்பட்ட திறமையான செய்நிரல் ஒன்றை அது நூற்றுக்கு நாற்பது ஆட்டங்களில் வென்றது. கற்றல் முறையை விட, ஆட்டத்தின் இயல்பே பெரும் ஆசானாய் இருந்தது. தாயக்கட்டை ஒவ்வொரு முறையும் புதிய நிலையைத் திணிப்பதால், இரு தரப்பும் விரும்பினாலும் பழகிய பாதையில் மாத்திரம் நடத்தல் இயலாது.

பொறி மனிதரோடு நேரே ஊடாடி வளரும் வழியும் ஒன்று உண்டு. றிச்சட் டோக்கின்ஸ் 1986 இல் வெளியிட்ட நூலொன்றில், ஒன்பது பரம்பரையலகுகள் கொண்ட கோட்டுருவங்களைத் திரையிற் காட்டி, மனிதக் கண்ணுக்குப் பிடித்ததையே பெற்றோராக்கும் செய்நிரலை விவரித்தார். அழகு, இசை, சுவை என அளவுகோலில்லாத துறைகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும். குற்றம் கண்ட சாட்சியின் நினைவிலிருந்து முகத்தை வளர்த்தெடுக்கவும் இது பயன்பட்டுள்ளது. இதன் எல்லையோ மனிதக் களைப்பு. சில தலைமுறைகளைப் பார்த்தபின் எந்த மனிதரும் சலித்துவிடுவர், கணினி சலிப்பதில்லை. அண்மை ஆண்டுகளில் உரையாடும் மொழிப் பொறிகளை மனிதர் தீர்ப்பினாற் பயிற்றியபோதும் இவ்விடர் எழுந்தது. மனிதர் களைப்பதனால், அவர்களது தீர்ப்பைப் பின்பற்றிய மற்றொரு பொறியைத் தீர்ப்பாளராக இருத்தினர். பயிலும் பொறியோ அத்தீர்ப்பாளப் பொறியின் நலிவுகளைக் கற்றுக்கொள்ளத் தலைப்பட்டது. அக்செல்றொட்டின் எண்மருள் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூரலாம்.

மனிதரின் துணை சிறிதுமின்றித் தன்னோடு தானே ஆடிக் கற்கும் முறையின் உச்சியாகக் கொள்ளத்தக்கது 2017 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியாகும். கிழக்காசியாவின் தொன்மையான கோ என்னும் ஆட்டத்தில், டீப் மைன்ட் நிறுவனத்தின் அல்பாகோ சீரோ என்ற செய்நிரல், ஆட்ட விதிகளை மாத்திரம் பெற்றுக்கொண்டு, மூன்று நாள்களில் தன்னோடு ஏறத்தாழ 49 இலட்சம் ஆட்டங்கள் ஆடியது. அதன்பின், உலகப் புகழ்பெற்ற லீ செடொல் என்பவரை 2016 இல் வென்றிருந்த முன்னைய செய்நிரலை நூற்றுக்கு நூறு ஆட்டங்களிலும் அது தோற்கடித்தது. மனிதரோடு இடைத்தாக்கம் தேவையில்லை, தன்னோடு தான் மோதலே போதும் எனப் பலர் முடிவுகட்டினர்.

அம்முடிவு அவசரமானது. ஸ்ரார்கிராப்ட் என்னும் போர்விளையாட்டுக்காக அதே நிறுவனம் 2019 இல் ஆக்கிய செய்நிரலுக்குத் தன்னோடு ஆடுதல் போதவில்லை. சுழற்சி நோய் பிடித்துக்கொண்டது. ஆகவே அவர்கள் ஒரு கழகத்தையே அமைத்தனர். பழைய தலைமுறைகள் நீக்கப்படாது எதிராடிகளாக வைத்துக்கொள்ளப்பட்டன. முதன்மை ஆட்டக்காரரின் குறையைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட செய்நிரல்கள் சில தனியே பயிற்றப்பட்டன. அவை எல்லோரையும் வெல்லவேண்டியதில்லை. ஒருவரை வீழ்த்தினாற் போதும். ஹிலிஸின் ஒட்டுண்ணிகள் முப்பதாண்டுகளின் பின் புதிய பெயரோடு மீண்டன என்றே யாம் இதனைக் கொள்கின்றோம். தன் கல்லூரி மைதானத்து வலைப் பயிற்சியில் மட்டுமே பந்தடித்த துடுப்பாட்டக்காரன், எதிர்க் கல்லூரியின் புதிய பந்துவீச்சாளனை முதன்முதற் சந்திக்கும் கணத்தை நம் பழைய மாணவர் அறிவர்.

கோ ஆட்டத்திலும் அக்கணம் வந்தது. கற்றகோ என்பது தன்னோடு தானே ஆடிப் பயின்ற, எவரும் பெற்றுப் பயன்படுத்தத்தக்க செய்நிரல். மனிதர் எவரிலும் வலியது. 2022 இல் ஆய்வாளர் சிலர், கோ ஆட்டத்தில் நன்றாக ஆடுவதை நோக்கமாகக் கொள்ளாது, கற்றகோவை வீழ்த்துவதை மட்டுமே நோக்கமாகக் கொண்ட தாக்குநிரல் ஒன்றைப் பயிற்றினர். அது கற்றகோவின் காய்களை வளைய வடிவில் ஒரு கூட்டமாக அமையச் செய்து, பின் அவ்வளையத்தை மெல்லச் சுற்றி முற்றுகையிடும். வளையத்துக்கு ஆபத்தில்லை எனக் கற்றகோ கணித்துக்கொண்டே இருக்கும். உணரும்போது காலம் கடந்துவிடும். மனிதரை விஞ்சிய நிலையில் இயங்கிய கற்றகோவை இத்தாக்குநிரல் நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேற்பட்ட ஆட்டங்களில் வென்றது. அத்தாக்குநிரலோ சாதாரண மனித ஆட்டக்காரரிடம் தோற்றுப்போகும் தரத்தது. தொடக்க நிலை மனிதரிடம் தோற்பது, மனித மேதையரை வெல்வதை வெல்கின்றது. கல், கடதாசி, கத்தரிக்கோல்!

இத்தந்திரத்தை மனிதரும் கற்கலாம் என்பது விரைவிற் புலனாயிற்று. 2023 இல், தொழின்முறையல்லாத அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர், ஆட்டத்தின்போது கணினியின் துணையின்றியே, கற்றகோவோடு ஆடிய 15 ஆட்டங்களில் 14 இல் வென்றார். கோடிக்கணக்கான ஆட்டங்களில் கற்றகோ சந்தித்தது தன்னையே ஆதலால், தானும் தன் நிழலும் ஒருபோதும் முயலாத அந்த வளையம் அதன் அறிவுக்குப் புறம்பாயிற்று. ஆட்டத்தில் தோற்றால் இழப்பது காய்களை மாத்திரமே. வீதியில் வாகனம் செலுத்தவும், நோயாளியின் படத்தை நோக்கி நோயைச் சொல்லவும், கடன் கேட்போரை ஏற்கவும் மறுக்கவும் இன்று பொறிகளை நாடுகின்றோம். அவற்றை விற்போர் எத்தனை கோடித் தரவுகளிற் பயிற்றினோம் என்றே பறைசாற்றுகின்றனர். யாரோடு மோதவிட்டுப் பயிற்றினீர் என வினவுவார் சிலரே.

கற்றகோவின் குறையைத் தீர்க்கும் முயற்சிகளும் நடந்தன. வளைய நிலைகளைத் தேடியெடுத்துப் பயிற்சியிற் சேர்த்தல், தாக்குநிரலையும் காப்புநிரலையும் மாறிமாறிப் பலமுறை வளர்த்தல், நரம்பு வலையின் அமைப்பையே வேறாக்குதல் என்னும் மூன்று வழிகளையும் ஆய்வாளர் சோதித்து, 2024 இல் முடிவுகளை வெளியிட்டனர். பழைய தாக்குதலுக்கு எதிராக நிலைமை ஓரளவு சீர்ப்பட்டது. ஆயின் மூன்று காப்புகளுள் ஒவ்வொன்றுக்கும் எதிராக அவர்கள் புதிய தாக்குநிரலைப் பயிற்றியபோது, மூன்றும் வீழ்ந்தன.